மூன்றாம் வீட்டுக் கூரை

மேடைக்கு நான் வரமாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு உட்காருங்கள்.

உங்களைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். காக்கிச் சட்டை போட்ட அதிகாரியைத் தம்பி என்கிறானே என்று நினைக்கக்கூடாது. தாசில்தாரையே நான் சார் என்று கூப்பிட்டதில்லை. கூப்பிடாமலே நாற்பது வருடம் மனு கொடுத்திருக்கிறேன். வாங்கித்தான் ஆக வேண்டும், வாங்கினார்கள்.

நீங்கள் கொண்டுவந்த காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். தீத்தொண்டு வாரத்தில் நம் நல்லாங்குடி தீயணைப்பு நிலையத்தில் கூட்டம். முப்பத்தோரு வருடம் சம்பளம் இல்லாமல், வண்டி இல்லாமல், காலில் செருப்புகூட இல்லாமல் இந்த வட்டாரத்தில் தீயணைத்த காத்தமுத்துவுக்குப் பாராட்டு. சால்வை, கேடயம். மாவட்ட அலுவலர் வருகிறார். நல்ல காரியம். நான் எதிர்க்கவில்லை. எதிர்ப்பதாக இருந்தால் இந்நேரம் நோட்டீஸ் அடித்திருப்பேன்.

ஆனால் காத்தமுத்து உங்களிடம் என்ன சொல்லி அனுப்பினான்? அவன் மனைவி அஞ்சம்மாள் எப்படிச் செத்தாள் என்பதை உத்திராபதி மேடையில் ஏறி உள்ளபடி படிக்கட்டும், அப்புறம் நான் வருகிறேன். இல்லையென்றால் அந்தச் சால்வையால் உங்கள் வண்டியைத் துடைத்துக்கொள்ளுங்கள். இதுதானே சொன்னான்? அவன் வாய்ச்சொல் என்று நீங்கள் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

ஒன்று கேட்கிறேன். 'உத்திராபதி' என்று பெயரைச் சொன்னானா, 'அந்த ஆள்' என்றானா? பொய் சொல்ல வேண்டாம். என் பெயரை அவன் வாயால் சொல்லிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதனால் கேட்டேன்.

பெயரைச் சொன்னானா. சரி.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மற்றதெல்லாம் நோட்டீஸில் படித்தது. சங்கத்து நோட்டீஸ், சின்னப் புத்தகங்கள், மாநாட்டுத் தீர்மானங்கள். அதனால்தான் என் பேச்சு எழுதி வைத்துப் படிப்பதுபோல் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். கூலி உயர்வுக்கு நோட்டீஸ் எழுதினேன், வாங்கிக் கொடுத்தேன். குடிமனைப் பட்டாவுக்கு எழுதினேன், வாங்கிக் கொடுத்தேன். நீங்கள் உட்கார்ந்து வேலை செய்கிற அந்தக் கட்டடம் இருக்கிறதே, அது செங்கல்லால் கட்டியது என்று நினைக்கிறீர்களா? என் மனுக்களால் கட்டியது. நாற்பத்து மூன்று மனு. கல்வெட்டில் வேறு யார் யாருடைய பெயரோ இருக்கிறது. திறப்பு விழாவுக்கு எனக்கு அழைப்பு இல்லை. பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்று பார்த்தேன். அது போகட்டும்.

நீங்கள் வந்த பிறகு ஊரில் தீயே இல்லை. கிணற்றில் மாடு விழுகிறது, வீட்டில் பாம்பு நுழைகிறது, அதற்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள். எல்லாம் தளம் போட்ட வீடு. அப்போது அப்படியில்லை. எங்கள் தெருவில் எல்லாம் கீற்றுக் கூரை. சுவரோடு சுவர் ஒட்டின வீடு. ஆனி மாதம் மேல்காற்று கிளம்பினால் அடுப்பு எரிக்கவே பெண்கள் பயப்படுவார்கள். டவுனிலிருந்து வண்டி வர இருபத்து மூன்று கிலோமீட்டர். வரும்போது சாம்பல்மேல் தண்ணீர் அடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

அதனால் காத்தமுத்து ஒரு வழி வைத்திருந்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனாகக் கண்டுபிடித்தது. ஒரு வீடு பற்றிக்கொண்டால் அந்த வீடு போய்விட்டது, அதன்மேல் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. பக்கத்து வீடும் போய்விட்டது. அவற்றை விட்டுவிட வேண்டும். காற்று போகிற பக்கம் மூன்றாவது வீடு. அதன் கூரையைப் பிடுங்கிப் போட வேண்டும். தீ வரும்போது அங்கே தின்ன ஒன்றும் இருக்கக்கூடாது. மூங்கில் கழியில் அரிவாள் கட்டின தொரட்டி ஒன்று அவன் வாசலில் எப்போதும் சாத்தியிருக்கும். ஓடுவான், வரிச்சுகளைக் கட்டின கயிற்றை அறுப்பான், முகட்டில் கொக்கியை மாட்டுவான், இழுப்பான். கூரை சரிந்து தெருவில் விழும். அதை நாலுபேர் குளத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். அவ்வளவுதான். தெரு பிழைத்துக்கொள்ளும்.

சொல்லும்போது சுலபம். எரியாத வீட்டைப் பிடுங்குகிறவனை யார் சும்மா விடுவார்கள்? "என் வீட்டுல தீ எங்கடா இருக்கு, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று தொரட்டியைப் பிடித்துத் தொங்குவார்கள். மண்ணை வாரித் தூற்றுவார்கள். ஒரு தடவை ஒருவர் அவன் தோளைக் கடித்துவிட்டார். அவன் இழுத்துக்கொண்டே, "கடிச்சு முடிச்சுட்டுச் சொல்லுங்க மாமா, அந்த மூலையைக் கொஞ்சம் பிடிக்கணும்" என்றானாம். மறுநாள் தெருவில் வீட்டுக்கு இரண்டு கீற்று எடுத்து அந்த மூன்றாவது வீட்டை வேய்ந்து கொடுப்போம். அது தெரு வழக்கமாகிவிட்டது. கடித்தவர் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தி காத்தமுத்துவுக்கு.

அவன் கையைப் பார்த்தீர்களா? முழங்கை வரைக்கும் தோல் கசங்கின காகிதம் மாதிரி இருக்கும். இப்போது நெஞ்சும் போய்விட்டது. முப்பத்தோரு வருடப் புகை. இருமினால் இரண்டு தெரு தாண்டி எனக்குக் கேட்கிறது.

இப்போது உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். மேலதிகாரி கேட்டார் என்றீர்களே. கோப்பைப் புரட்டினால் உத்திராபதியின் மனுதான் இருக்கிறது. எல்லா மனுவிலும் 'தீயை அணைக்க நாதியற்ற கிராமம்' என்று இருக்கிறது. நாதியில்லை என்றால் இப்போது யாருக்குப் பாராட்டு என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. நான் அதிகாரியாக இருந்தாலும் கேட்பேன்.

ஆமாம், அப்படித்தான் எழுதினேன். பின்னே எப்படி எழுதுவது? 'எங்கள் ஊரில் காத்தமுத்து இருக்கிறான், நன்றாக அணைக்கிறான், ஆகவே தீயணைப்பு நிலையம் வேண்டும்' என்று எழுத முடியுமா? கோரிக்கைக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது தம்பி. குறையைத்தான் எழுத வேண்டும். அவன் கை வெந்ததைக்கூட 'தீயில் சிக்கிக் கை கருகிய விவசாயத் தொழிலாளி' என்று எழுதினேன். என் நோட்டீஸை வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவன் அவன். அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். "என்ன தோழரே, நான் எங்க சிக்கினேன்? நானாத்தானே போனேன்" என்றான். "சிக்கினாத்தான்பா சர்க்கார் திரும்பிப் பார்ப்பான்" என்றேன். "அப்ப சிக்கினதாவே இருக்கட்டும்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனான். அவனுக்கு அது பெரிதில்லை. அவனைப் பற்றி என்ன எழுதினாலும் அவனுக்குப் பெரிதில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஆனி மாதம், நிலையம் கேட்டுத் தாலுகா அலுவலகத்தின் முன்னால் உண்ணாவிரதம் வைத்தோம். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வர வேண்டும் என்பது செயற்குழு முடிவு. செயற்குழு என்றால் நான், என் மைத்துனன், காத்தமுத்து. அதில் காத்தமுத்து வேண்டாம் என்றான். இரண்டுக்கு ஒன்று. ஜனநாயகம்.

காலையில் வேன் வந்து நிற்கிறது. அவன் வாசலில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"தோழரே, மேல்காத்து கிளம்பிருச்சு. எல்லாரும் போனா ஊர்ல ஆம்பளை ஒருத்தன் இல்ல. நான் இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க."

"நீ இல்லாம எப்படிப்பா? உன் கையைத்தானே காட்டணும்."

"கையை வேணா கழட்டித் தரேன், எடுத்துக்கிட்டுப் போங்க."

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அஞ்சம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள், "போயிட்டுத்தான் வாயேன், அண்ணன் இவ்வளவு சொல்லுது. தொரட்டி எங்க போவுது, இங்கதான இருக்கு" என்றாள். அவன் ஏறிக்கொண்டான். நான் வற்புறுத்தவில்லை. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அவனை ஏறச் சொன்னது அவள்தான்.

பதினோரு மணிக்குப் பக்கிரி வீட்டு அடுப்பிலிருந்து பொறி பறந்திருக்கிறது. முதல் வீடு அது. இரண்டாவது வீடு சின்னப்பொண்ணு வீடு. மூன்றாவது வீடு என்னுடையது. அதைத் தாண்டி குளம் வரைக்கும் பதினான்கு வீடு.

நான் பார்க்கவில்லை. நான் பந்தலில் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம் அன்றைக்கு. நடந்ததெல்லாம் என் மனைவி தையல்நாயகி சொன்னது.

பெண்கள் குடத்தோடு ஓடியிருக்கிறார்கள். அஞ்சம்மாள் குடத்தை எடுக்கவில்லை. தொரட்டியை எடுத்துக்கொண்டு நேரே என் வாசலுக்கு வந்திருக்கிறாள். புருஷன் செய்வதை எத்தனை தடவை பார்த்திருப்பாள்.

"அண்ணி, வெளியில வா. கூரையை இழுக்கப் போறேன்."

"எங்க வீடு எரியலையே அஞ்சம்மா."

"எரியாததைத்தான் இழுக்கணும். வா அண்ணி, நேரமில்ல."

"இருடி. அவரு பெட்டி உள்ள இருக்கு. அது போச்சுன்னா என்னைக் கொன்னுபுடுவாரு."

என்னுடைய இரும்புப் பெட்டி. அத்தனை வருடத்துக் காகிதம். ஒரு ஆள் தூக்க முடியாது. அஞ்சம்மாள் தொரட்டியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்து ஒரு பக்கம் பிடித்திருக்கிறாள். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டுபோய்க் குளத்தங்கரையில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டி பிழைத்தது. நாற்பத்து மூன்று மனுவின் நகலும் தபால் ரசீதும் அதில் இருந்தன. 'உங்கள் ஊரிலிருந்து இதுவரை கோரிக்கையே வரவில்லை' என்று கலெக்டர் அலுவலகத்தில் சொன்னபோது அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் மேஜைமேல் கவிழ்த்தேன். அப்புறம்தான் கோப்பு நகர்ந்தது. அது இல்லையென்றால் உங்கள் நிலையம் இல்லை. இதை நான் நன்றியோடு சொல்கிறேன்.

திரும்பி வந்து இழுத்திருக்கிறாள். அதற்குள் சின்னப்பொண்ணு வீடு முழுக்கப் பிடித்துவிட்டது. மூன்று பக்கம் சரிந்துவிட்டது, ஒரு மூலைக் கட்டு மட்டும் அறவில்லை. காத்தமுத்துவாக இருந்தால் எட்ட நின்று அறுத்திருப்பான். அவளுக்குக் கை எட்டவில்லை. கிட்டே போனாள். கட்டு அறுந்தது, கூரை விழுந்தது, பெண்கள் அதை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்த நேரத்தில் காற்று சின்னப்பொண்ணு வீட்டு முகட்டைத் தூக்கி அவள்மேல் போட்டது. அவள் கட்டியிருந்தது நைலக்ஸ் புடவை, உருகி உடம்போடு ஒட்டிக்கொண்டது.

மூன்று நாள் பெரியாஸ்பத்திரியில் இருந்தாள். அப்புறம் போய்விட்டாள்.

தண்ணீர் குடிக்கிறீர்களா? நான் குடித்துக்கொள்கிறேன்.

பதினாறாம் நாளுக்கு முன்னால் நோட்டீஸ் வந்துவிட்டது. 'தீயணைப்பு நிலையம் இல்லாததால் பதினொரு குடிசைகள் சாம்பல். தீயில் சிக்கி, காப்பாற்ற ஆளின்றி, அபலைப் பெண் அஞ்சம்மாள் பலி.' ஐயாயிரம் பிரதி. நான் எழுதியதிலேயே நல்ல நோட்டீஸ் அது, படித்தவர்கள் அழுதார்கள். பதினொன்று எப்படி வந்தது என்று பார்க்கிறீர்கள். இரண்டு வீடு எரிந்தது, என் வீடு மூன்று. பக்கிரியின் ஆட்டுக் கொட்டில், மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர், சின்னப்பொண்ணுவின் கோழிக் கூடு... கூரை போட்டதெல்லாம் குடிசைதானே. இரண்டு வீட்டுக்குச் சர்க்கார் அசையாது தம்பி. பதினொன்றுக்கு அசைந்தது. அரசாணையிலேயே பதினொன்று என்றுதான் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

காத்தமுத்து அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்தான். இங்கேதான், இதே இடத்தில் நின்றான். மொட்டை அடித்திருந்தான். விரலை ஒரு சொல்லின்மேல் வைத்துக் காட்டினான்.

"இதுல சிக்கின்னு போட்டிருக்கு."

"ஆமாம்பா."

"அவ சிக்கலை. இழுத்தா. இழுத்து நிறுத்தினா. அந்தாண்டை பதினாலு வீடு நிக்குது பாருங்க. அதைப் போடுங்க தோழரே."

நான் பொறுமையாகச் சொன்னேன். "காத்தமுத்து, ஊர்ல ஒரு பொம்பளையே தீயை நிறுத்திட்டான்னு போட்டா அவன் என்ன கேப்பான்? அப்புறம் உங்களுக்கு எதுக்குடா ஸ்டேஷன்னு கேப்பான்."

"கேக்கட்டும்."

"உன் கையைப் பத்திப் போட்டப்ப நீ ஒண்ணும் சொல்லலையே."

"அது என் கை. இது அவ."

"இருபத்திரண்டு வருஷப் போராட்டம்பா. இப்பத்தான் பழுக்குது."

"அவ கால்மணி நேரந்தான் போராடினா. அதையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க."

நான் என்னவோ சொன்னேன். தனிப்பட்ட துக்கம், பொது நலன், இப்படி ஏதோ. எனக்கே காதில் ஒலிபெருக்கி மாதிரிக் கேட்டது. அவன் நோட்டீஸை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டான். படியிறங்கும்போது திரும்பி, "வரேங்க ஐயா" என்றான்.

ஐயா. தம்பி, உங்களுக்கு அது மரியாதைச் சொல். எங்களுக்கு அது பண்ணையைக் கூப்பிடுகிற சொல். இரண்டு பேரும் சேர்ந்து, அடிவாங்கி, அந்தச் சொல்லை வாயிலிருந்து துப்பினோம். இனி யாரையும் சொல்வதில்லை என்று. அதை எடுத்து என்மேல் வைத்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகும் ஊரில் தீ பிடித்தது. அதற்குப் பிறகும் அவன் ஓடினான். ஆறு வருடத்துக்கு முன்னால் என் வைக்கோல் போர் பற்றிக்கொண்டது. அவன் வந்தான், பிரித்துப் போட்டு அணைத்தான். நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன். குழாயடியில் கை கழுவினான். தையல்நாயகி மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். "தண்ணி போதும் அண்ணி" என்று தண்ணீர் வாங்கிக் குடித்தான். என் மனைவியோடு பேசுவான், என் மைத்துனனோடு பேசுவான், என் நாயோடுகூடப் பேசுவான். நான் நிற்கிற இடத்தில் அவனுக்கு வெறும் காற்றுதான்.

இப்போது நான் மேடையில் ஏறி என்ன படிக்க வேண்டும்? என் நோட்டீஸ் பொய் என்று. பதினொன்று பொய், சிக்கியது பொய், நாதியில்லை என்பது பொய். என் வாழ்நாளில் நான் சாதித்தது அந்த ஒரு கட்டடம். கல்வெட்டில் பெயர் இல்லாவிட்டாலும் அது என்னுடையது என்று எனக்குத் தெரியும். அதன் வாசலிலேயே நின்றுகொண்டு அது பொய்யின்மேல் நிற்கிறது என்று நானே படிக்க வேண்டும். மாவட்ட அலுவலர் கேட்டுக்கொண்டிருப்பார். என்னிடம் திட்டு வாங்கின தாசில்தார்கள் எங்கே இருந்தாலும் சிரிப்பார்கள். அதனால் வரமாட்டேன் என்றேன். சாட்சிக் கடிதம் வேண்டுமானால் எழுதித் தருகிறேன், 'காத்தமுத்து தீயணைத்தது உண்மை' என்று. அவ்வளவு போதாதா? அவளைப் பற்றியும் வேண்டுமா?

வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறான்.

காகிதத்தை மடித்துப் பையில் வைக்கிறீர்கள். எத்தனையோ அதிகாரிகளோடு சண்டை போட்டிருக்கிறேன், உங்களோடு போட முடியவில்லை.

தையல்நாயகி கோயிலுக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவளுக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் சாயங்காலம் நான் போனேன். கொசுவலைக்குள் வாழையிலைமேல் போட்டிருந்தார்கள். காத்தமுத்து இளநீர் வாங்கக் கீழே போயிருந்தான். நானும் அவளும்தான். கண் மட்டும் திறந்திருந்தது. என்னைத் தெரிந்துகொண்டாள். "அண்ணே" என்றாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு நோட்டை எடுத்தேன்.

"அண்ணே, நின்னுச்சா?"

நான் கேட்டேன், "டவுனுக்கு எத்தனை மணிக்குப் போன் பண்ணினாங்க அஞ்சம்மா?"

"ஒங்க வீட்டோட நின்னுச்சா அண்ணே?"

நின்றது, தம்பி. என் வீட்டோடு நின்றது. என் சுவரில் கரி படிந்ததோடு சரி, அந்தப் பக்கம் ஒரு கீற்றின் நுனி கருகவில்லை. நான் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். நின்னுச்சும்மா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்கள் கேட்பார்கள், நர்ஸ் கேட்பாள், நாளைக்குப் பத்திரிகைக்காரன் வந்தால் இரண்டு வீடுதான் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் என் மண்டையில் ஓடியது. அவ்வளவு வேகமாக வேலை செய்கிற மண்டை.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். மணியைச் சொல்லு" என்றேன்.

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "பதினொன்னே கால்" என்றாள். எழுதிக்கொண்டேன். அதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று விரட்டினார்கள். படியில் காத்தமுத்து இளநீரோடு ஏறி வந்தான். "பேசினாளா?" என்றான். "பேசினா" என்றேன். நான் இறங்கிப் போனேன். மறுநாள் மதியம் அவள் இல்லை.

அவளிடம் காத்தமுத்து சொல்லியிருப்பான். இந்தப் பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். அவன்தான் மறுநாள் வரைக்கும் பக்கத்தில் இருந்தான். புருஷன் சொல்லாமலா இருப்பான். முதல் வார்த்தையே அதுவாகத்தான் இருந்திருக்கும். நின்னுருச்சு அஞ்சம்மா, நீ நிறுத்திட்டே என்று. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அவன் என்னோடு பேசுவதில்லை. அவன் பேசாததைவிட, இதைக் கேட்க முடியவில்லையே என்பதுதான் எனக்குப் பாரம் தம்பி.

காகிதத்தை எடுங்கள். நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனி மாதம் பதினோராம் தேதி நல்லாங்குடி கீழத் தெருவில் எரிந்தவை இரண்டு வீடுகள். பதினொன்று என்று நான் எழுதியது உண்மையல்ல. மூன்றாவது வீட்டின் கூரையை இழுத்துத் தீயை நிறுத்தியவர் காத்தமுத்துவின் மனைவி அஞ்சம்மாள். அவர் தீயில் சிக்கவில்லை. அடைப்புக்குள் ஒன்றும் போட வேண்டாம். முற்றுப்புள்ளி. அவர் தீயில் சிக்கவில்லை, அவ்வளவுதான் அந்த வரி. அடுத்து, என் பெட்டியைத் தூக்கப் போனதில் அவருக்கு நேரம் தப்பியது. அதையும் எழுதுங்கள். இல்லை, அடிக்க வேண்டாம், அது இருக்கட்டும்.

படிக்கிறேன். மேடையில் ஏறிப் படிக்கிறேன். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

ஆனால் கூட்டத்துக்கு முன்னால் நான் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். நீங்களும் கூட வாருங்கள், இந்தக் காக்கிச் சட்டையோடு வாருங்கள், உங்களைப் பார்த்தால் கதவையாவது திறப்பான். அந்த ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். அவன் சொல்லியிருந்தால் நான் எதை வேண்டுமானாலும் படிப்பேன். இரண்டு தெருதான், நடந்தே போய்விடலாம். செருப்பைப் போட்டுக்கொள்கிறேன், இருங்கள்.

என்ன கேட்டீர்கள்? அவனிடம் போய்க் கேட்பதற்கு என்ன பயம் என்றா?

அன்றைக்குப் படியில் என்னைப் பார்த்தான் அல்லவா? பேசினாளா என்று கேட்டான், பேசினா என்றேன். அவள் அதைத்தானே கேட்டிருப்பாள், தோழர்தான் ஊரிலிருந்து பார்த்துவிட்டு வருகிறார், தோழர் சொல்லியிருப்பார் என்று அவனும் அவளிடம் சொல்லாமலே இருந்துவிட்டிருந்தால்?